சரிவுக்குக் குறுக்கே

வெள்ளிமலையில் நாங்கள் வேலை செய்யும் விடுதிக்கு முன்னால் நாலு ஏக்கர் புல்தரை. மேல் பாதி சமதரை. கீழ் பாதி சரிவு, அது முடியும் இடத்தில் ஓடைப் பள்ளம். இவ்வளவையும் கையால் வெட்டி மாளாது என்று, உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டி மிஷின் வாங்கித் தருவதாக முதலாளி போனில் சொன்னார்.

"எது வேணும்னு நீயே பாத்து சொல்லு சாலம்மா."

தோட்டத்துப் பொறுப்பு என்னுடையது. ஆனால் மிஷின் மேல் உட்காரப் போவது என் வீட்டுக்காரர் பழனி.

கள்ளக்குறிச்சிக் கடையிலிருந்து ஆதிமூலம் என்பவர் மினி லாரியில் இரண்டு மிஷின்களை ஏற்றிக்கொண்டு வந்தார். சிவப்பு மிஷின் டிராக்டர் மாதிரி உயரமாக இருந்தது. நீலம் தாழ்வு, அகலச் சக்கரம். பழனியின் கண் சிவப்பை விட்டு நகரவில்லை.

"இதுல உக்காந்தா ஜீப்புல போற மாதிரி இருக்கும் சாலு."

"போயி எங்க எறங்கப் போற? ஓடையிலயா?"

ஆதிமூலம் சிரித்தார். பிறகு முகத்தை மாற்றிக்கொண்டு பழனியிடம் சொன்னார். "அண்ணே, சரிவுல மேலேந்து கீழ, கீழேந்து மேல, நேராத்தான் ஓட்டணும். குறுக்கால திருப்பிடாதீங்க. சாஞ்சிடும்."

"சரிங்க, சரிங்க."

எங்கள் மலையில் மண் அரித்துப் போகாமலிருக்க, சரிவுக்குக் குறுக்கேதான் ஏர் ஓட்டுவோம். மேலும் கீழுமாக ஓட்டினால் ஊரே சிரிக்கும். சின்ன வயதிலிருந்து பழனி அப்படி உழுதவர். தலை ஆட்டிவிட்டார், கை கேட்குமா?

சிவப்பு மிஷினில் இரண்டு தடவை நேராகப் போய் வந்தார். மூன்றாவது தடவை பாதிச் சரிவில், மாட்டைத் திருப்புகிற மாதிரி சட்டென்று குறுக்கே திருப்பினார். வாய் 'ஹை ஹை' என்று அசைந்தது.

"யோவ், எறங்குய்யா!" என்று கத்தினேன்.

இஞ்சின் சத்தத்தில் அவருக்கு எதுவும் கேட்கவில்லை. நான் கை ஆட்டுவதைப் பார்த்து அவரும் சிரித்துக்கொண்டே கை ஆட்டினார். மேல்பக்கச் சக்கரம் தரையை விட்டுத் தூக்கியது. மிஷினைத் தாங்கிப் பிடிக்கலாம் என்று ஓடினேன். ஆதிமூலம் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அக்கா, கீழ போவாதீங்க, ஒங்க மேலயே வுழும்! அண்ணே, ஸ்டேரிங்க கீழ ஒடிங்க! கீழ!"

பயத்தில் பழனி மேல்பக்கமாக ஒடித்தார். மிஷின் அப்படியே சாய்ந்தது. பழனியின் வெள்ளைச் சட்டை புல்லுக்குள் போனது. சீட்டில் ஆள் இல்லாததால் இஞ்சின் தானாக நின்றுவிட்டது. மிஷின் உருண்டு போய் ஓடைக்கரைப் பாறையில் முட்டியது. அதற்கப்புறம் ஒரு சத்தமும் இல்லை. புல்லுக்குள் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"சாலு..."

மேல்பக்கமாகக் குதித்திருந்தார். முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான்.

"நல்லாத்தான் போய்க்கினு இருந்துது," என்றார். நான் கொடுத்த சொம்புத் தண்ணீரைக் குடிக்காமல் முழங்காலில் ஊற்றிக் கழுவினார்.

சாயங்காலம் முதலாளி போன் செய்தார். நடந்ததைச் சொன்னேன். "நீலத்தையே வாங்குங்க சார். மேல் தரைக்கு மட்டும். சரிவுல அவரு ஓட்ட மாட்டாரு."

"சரிவுக்குத்தான மிஷினே?"

"அப்ப நீங்க வந்து ஒக்காந்து ஓட்டுங்க சார். நாங்க மேல நின்னு பாக்குறோம்."

பழனி என்னைப் பார்த்தார். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

"சரி, அத கையாலயே வெட்டிக்கங்க," என்று வைத்துவிட்டார்.

இப்போது நீல மிஷின் மேலே ஓடுகிறது. சரிவு ஆரம்பிக்கிற ஓரத்துக்கு அது வந்தாலே கைவேலையைப் போட்டுவிட்டு நிற்பேன். பழனியும் ஓரம் வரை வருவதில்லை, கொஞ்சம் விட்டே திருப்பிவிடுகிறார். அப்படி வெட்டாமல் விடுகிற புல்பட்டையை நான் அரிவாளால் அறுக்கிறேன். வாரா வாரம் அது அகலமாகிக்கொண்டே வருகிறது. ஏன் என்று நான் கேட்பதில்லை.