இரண்டு தட்டு

நான் போனபோது பயிற்சி அறையில் ஆறு பேர் ஒன்றுபோலக் காற்றைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். முகத்தில் விஆர் கண்ணாடி, கையில் ஒன்றுமில்லை. கிரேனின் நெம்புகோலை இழுப்பதற்கு முன் நடுவிரலால் இரண்டு தட்டு.

அந்தத் தட்டு எனக்குத் தெரியும். வீட்டைப் பூட்டியதும் பூட்டின்மேல் என் கணவர் தட்டுவது அது. "பூட்டுகிட்ட சொல்லிட்டு வர்றீங்களா?" என்பேன். "உன்னவிட அது சொன்ன பேச்சு கேக்கும்" என்பார்.

இருபத்திரண்டு வருடம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். புதியவர்களுக்குக் கற்றுத்தருவதற்காகப் போன வருடம் அவருடைய கைகளின் அசைவை மட்டும் பதிவு செய்துகொண்டார்கள். நான்கு மாதம் கழித்து, வேலைக்குப் போகிற பேருந்தில் உட்கார்ந்தபடியே இறந்துபோனார். வீட்டில் புகைப்படங்கள் இருக்கின்றன. அசைகிற மாதிரி எதுவும் இல்லை.

"அந்த ரெண்டு தட்டு பாடத்துலயே கிடையாதுக்கா" என்றார் பயிற்சி அதிகாரி. "அண்ணனோட பழக்கம். இந்தப் பசங்க அதையும் சேத்துக் கத்துக்கிட்டாங்க. தட்டாம இழுத்தா கிரேன் கோவிச்சுக்குமாம்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "திங்கக்கிழமை புது கிரேன் வருது. அண்ணனோட பதிவ அழிச்சிட்டு வேற பாடம் போடுறாங்க. எடுத்துக் குடுக்க எனக்கு அனுமதி இல்ல. அதான் ஒரு தடவ வந்து பாருங்கன்னேன்."

ஒரு பெண் தன் கண்ணாடியைக் கழற்றி எனக்கு மாட்டிவிட்டாள்.

"கை செய்யறதப் பாத்து அப்படியே செய்யுங்க. சரியா செஞ்சிட்டா பாடம் முடிஞ்சிடும்."

உயரத்தில் ஒரு சிறிய அறை. வெகு கீழே சரக்குப் பெட்டிகள். என் மடியருகிலிருந்து இரண்டு சாம்பல் நிறக் கைகள் எழுந்து வந்தன. நகமில்லை, கட்டைவிரலில் இருந்த தழும்பில்லை. ஆனால் தட்டின. நெம்புகோலைத் தம் பக்கம் இழுத்தன. மறைந்தன.

என்ன செய்வதென்று தெரியாமல் முன்னால் தள்ளிவிட்டேன். பெட்டி ஆடியது. சிவப்பு எழுத்துகள் வந்தன: தவறு. மீண்டும் பாருங்கள்.

கைகள் மீண்டும் வந்தன.

இரண்டாவது முறை எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரிந்திருந்தது. முன்னால்தான் தள்ளினேன். மூன்றாவது முறையும். அதற்குப் பிறகு எண்ணவில்லை.

"சார், எங்களுக்கு நேரமாகுது" என்றது அந்தப் பெண்ணின் குரல்.

"இரும்மா" என்றார் அதிகாரி. "அக்காவுக்கு இன்னும் சரியா வரல."

கண்ணாடிக்குள் ஈரம் படிந்து கிரேன் கலங்கியது. சாம்பல் நிறக் கைகள் எழுந்து வந்தன. என் கைகளை அவற்றுக்குள் வைத்தேன். சேர்ந்து தட்டினோம், ஒன்று, இரண்டு.