குண்டுப் பின் சார்ஜர்

வினிதா முடிவு செய்துவிட்டாள். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் கல்லூரியில் புரோகிராம் டெமோ. அதை முடித்துவிட்டு, சனிக்கிழமை காலை மாதேஸ்வரன் மலை பஸ்ஸில் ஏறிக் கௌதள்ளியில் இறங்குவாள். மறுபடி மைசூருக்கு வர மாட்டாள்.

அப்பாவிடம் மட்டும் சொல்லியிருந்தாள். லிங்கப்பன் பட்டியில் நின்றுதான் போனை எடுத்தார். பின்னால் ஆடு கத்துவது கேட்டது.

"வந்துரு அம்மிணி. புடிக்காத எடத்துல எதுக்குக் கெடந்து சீரழியோணும்? பொட்டியத் தூக்க வண்டி எடுத்துட்டு வாரேன். உங்கம்மாகிட்ட நாஞ் சொல்லிக்கறேன்."

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பாடம் கஷ்டமாக இல்லை. முதல் செமஸ்டரில் நல்ல மார்க்தான். கம்ப்யூட்டர் வகுப்பில் மற்றவர்கள் பேசிக்கொள்வதுதான் பிடிபடவில்லை. எட்டாம் வகுப்பிலேயே கேம் எழுதினேன் என்பான் ஒருவன். அந்த கேமா என்று இன்னொருவன் சிரிப்பான். அவள் வருவதற்கு முன்பே நடந்து முடிந்துவிட்ட ஒரு கல்யாணத்தைப் பற்றிப் பேசுவதுபோல் இருக்கும். கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். ஏழு மாதத்தில் ஒருமுறைகூட அவள் கை தூக்கியதில்லை.

பிறகு அந்த லேப்டாப். வருமானச் சான்றிதழ் கொடுத்தவர்களுக்கு ஓர் அறக்கட்டளை தந்தது. யாருக்கும் கூச்சமாக இருக்கக் கூடாது என்று அலுவலகத்தில் ஒவ்வொருவரையும் தனித்தனி நாளில் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் மூடியின் மேல் கன்னடத்தில் பெரிதாக அச்சிட்டிருந்தது: உதவித் திட்டம், விற்பனைக்கு அல்ல. சுரண்டினாலும் போகாத எழுத்து.

அம்மா கமலம்மாள் அதற்குப் பள்ளிக்கூடப் புத்தகம்போலப் பழுப்பு அட்டை போட்டு அனுப்பினாள். ஹாஸ்டலுக்கு வந்ததும் வினிதா அதைக் கிழித்துவிட்டு, சமையலறை அலமாரிக்கு ஒட்டும் பூப்போட்ட தாளை வாங்கி ஒட்டினாள். எழுத்து மறைந்தது. சார்ஜரை மறைக்க முடியவில்லை. இந்தக் காலத்தில் யாரும் வைத்திருக்காத குண்டுப் பின். வகுப்புக்கு அதை எடுத்து வரவே மாட்டாள். ஹாஸ்டலில் முழுதாக ஏற்றிக்கொண்டு வருவாள்.

வியாழக்கிழமை சார்ஜரின் வயர் கழுத்தோடு விட்டுப்போயிற்று. டேப் சுற்றிப் பார்த்தாள். வளைத்துப் பிடித்துப் பார்த்தாள். உயிர் வரவில்லை.

வெள்ளிக்கிழமை வகுப்புக்குள் நுழையும்போது பாட்டரி பதினான்கு சதவீதத்தில் நின்றது. பெயர் வரிசையில் அவள் கடைசி. அவரவர் லேப்டாப்பில்தான் ஓட்டிக் காட்ட வேண்டும், ஒருவருடையதை இன்னொருவர் தொடக் கூடாது என்பது மஞ்சுநாத் சாரின் சட்டம். முதலிலேயே அஷ்வினி முடித்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தருண்குமாரின் கேம் நடுவில் நின்று, அவன் அதைச் சரிசெய்து, மறுபடி நின்றது. பாட்டரி ஆறு. திரை மங்கியது.

அஷ்வினி எட்டிப் பார்த்தாள். கறுப்புத் தோல் உறை போட்ட லேப்டாப்பும் படபடவென்ற இங்கிலீஷுமாக இருப்பவள். அவளிடம் வினிதா நாலு வார்த்தைக்கு மேல் பேசியதில்லை.

"சார்ஜர் எங்கடி?" என்று கன்னடத்தில் கேட்டாள்.

"செத்துப்போச்சு."

"எந்தப் பின்?"

வினிதா லேப்டாப்பைத் திருப்பி ஓட்டையைக் காட்டினாள். அஷ்வினி அதைப் பார்த்தாள். பூப்போட்ட தாளைப் பார்த்தாள். பிறகு தன் பையின் அடியில் கைவிட்டு, துப்பட்டாவில் சுற்றிய ஒன்றை எடுத்து மேசைக்குக் கீழே பிரித்தாள். குண்டுப் பின். கழுத்தில் டேப்.

"என்னோடதும் போச்சு. மூணு வாரமாச்சு. அப்பா ஆட்டோ ஓட்டற ஸ்டாண்டுப் பக்கத்துல ஒரு ரிப்பேர் கடை. அங்கதான் தெனமும் ஏத்திக்கிட்டு வர்றேன்."

வினிதா அந்தத் தோல் உறையையே பார்த்தாள். அதற்குள் என்ன எழுதியிருக்கும் என்று இப்போது தெரிந்தது.

பாட்டரி மூன்று. சார் அவள் பெயரைக் கூப்பிட்டார்.

நாளைக்கு ஊருக்குப் போகிறவளுக்கு என்ன வெட்கம்? வினிதா எழுந்து கை தூக்கினாள்.

"குண்டுப் பின் சார்ஜர் யார்கிட்டயாவது இருக்கா?"

குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. முன் வரிசைகள் திரும்பிப் பார்த்தன.

தருண்குமார்தான் முதலில் ஜிப்பைத் திறந்தான். அவன் லேப்டாப்பின் மூடி முழுக்கக் கிரிக்கெட் ஸ்டிக்கர். சார்ஜரை எடுத்துவந்து அவள் மேசையில் வைத்துத் தமிழில் சொன்னான்: "ஏ, நீயும் நம்ம கேஸ்தானா? யார்கிட்டயும் பேச மாட்ட, பெரிய எடத்துப் பொண்ணுன்னுல்ல நெனைச்சேன்!"

"நானா?"

"பின்ன? எங்கப்பா கான்கிரீட் போடறவரு. உங்கிட்ட வந்து பேசவே பயம்."

தீபா எழுந்தாள். கவின்ராஜ் எழுந்தான். பின் பெஞ்சிலிருந்து இன்னும் இரண்டு பேர். மேசையில் கறுப்பு வயர்கள் பாம்புக் குட்டிகள்போலக் கிடந்தன.

"ஏழு பேரா?" என்றாள் அஷ்வினி. "ஆளாளுக்கு ஒளிச்சு வெச்சிருக்கோம், லூசுங்க மாதிரி."

"கடை போட்டது போதும்" என்றார் மஞ்சுநாத் சார். "ஓட்டும்மா."

வினிதா தருணின் சார்ஜரைச் செருகி ஓட்டினாள். அவள் எழுதியிருந்தது பஸ் நேரம் சொல்லும் புரோகிராம். கிளம்பும் ஊரும் சேரும் ஊரும் கொடுத்தால் போதும். சார் மைசூரு, கௌதள்ளி என்று தட்டினார். கொள்ளேகால், ஹனூர் வழி ஐந்து பஸ் வந்தது. அமாவாசை அன்று நெரிசல் என்ற குறிப்பும் வந்தது. சார் தலையாட்டினார். ஊர்களை மாற்றித் தட்டினார். கௌதள்ளி, மைசூரு. பஸ் இல்லை என்று வந்தது.

"என்னம்மா, உங்க ஊருக்குப் போனா திரும்பவே முடியாதா?"

வகுப்பு சிரித்தது. தன் வாயும் சிரிப்பதை அவள் கொஞ்சம் தாமதமாகத்தான் உணர்ந்தாள்.

"அதை எழுதல சார்."

"திங்கக்கிழமை எழுதிக் காட்டு. அதுவரை மார்க் பென்சில்லதான் இருக்கும்."

வெளியே வராந்தாவில் அஷ்வினி எல்லாச் சார்ஜரையும் செருகிச் சோதித்தாள். இருந்த ஆறில் நாலுதான் வேலை செய்தது.

"ஊருக்குப் போறியா? தருணோடதை எடுத்துட்டுப் போ. திங்கக்கிழமை ஒன்பது மணிக்கு என் கையில இருக்கணும். செவ்வாய்க்கிழமை எனக்கு ரெக்கார்டு. மறந்தே, தொலைச்சுடுவேன்."

"பொருள் என்னோடது. என்னை ஒரு வார்த்தை கேட்டியா?" என்றான் தருண்.

"கேக்கல. போ."

திங்கட்கிழமை வர மாட்டேன் என்று சொல்ல வினிதா வாயைத் திறந்தாள். அஷ்வினி அதற்குள் வயரைச் சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு, அவள் கையில் திணித்துவிட்டாள்.

சனிக்கிழமை கௌதள்ளி நிறுத்தத்தில் லிங்கப்பன் வண்டியோடு நின்றிருந்தார். கேரியரில் கயிறு தயாராக இருந்தது. வினிதா ஒரு தோள்பையோடு இறங்கினாள். அவர் அவளைத் தாண்டி பஸ்ஸுக்குள் தேடினார்.

"பொட்டி எங்க அம்மிணி?"

"ஹாஸ்டல்ல இருக்குதுங்கப்பா."

"அப்பறம் எப்ப எடுக்கறது?"

"திங்கக்கெழமை ஒருத்திக்குச் சார்ஜர் குடுக்கோணும். ஒம்பது மணிக்கு."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். கேரியரிலிருந்த கயிற்றை அவிழ்த்துச் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டார். பஸ் புறப்பட உறுமியது.

"கண்டக்டர் சார்," வினிதா கன்னடத்தில் கத்தினாள். "மைசூருக்கு விடியக்காலை பஸ் எத்தனை மணிக்கு?"

"அஞ்சுக்கு ஒண்ணு. அஞ்சே முக்காலுக்கு ஒண்ணு."

"அதுக்கப்புறம்?"

கண்டக்டர் படியில் தொங்கியபடி ஒவ்வொன்றாகச் சொன்னார். அவள் பேனாவைத் தேடி எடுத்து, உள்ளங்கையில் எழுதிக்கொண்டே பஸ்ஸோடு நாலடி ஓடினாள்.