அப்பா பூட்டி வெச்ச பேருங்க

மூணாவது தடவையும் தப்பாப் போச்சு மதி. ஸ்கிரீன்ல 'ராங்'னு வந்துது, கீக்குனு ஒரு சத்தம், புரோகிராம் தானா மூடிக்கிச்சு. நாலு அடி பின்னாடி ஐஸ் பெட்டிக்குள்ள எங்க அப்பா. பெட்டியோட மோட்டார் ஓடல. அது வயரை நான்தான் பிடுங்கி வெச்சிருக்கேன். வாசல்ல அத்தாவுல்லா பாய் செருப்பைக் கையில புடிச்சிகினு நிக்கிறாரு. அப்பாவோட அக்கா, தனக்கோடி அத்தை, ஹால் நடுவுல ஒக்காந்து தலைல அடிச்சிக்கிறாங்க.

"பெத்தவன் போயி ஆறு மணி நேரம் ஆவல. கம்ப்யூட்டர் முன்னாடி ஒக்காந்து கேம் ஆடுறா பாரு!"

கேம். அந்த வார்த்தையைக் கேட்டதும் நான் ஃப்ளாப்பி டப்பாவைத்தான் பாத்தேன்.

காலைல நீ வந்தல்ல, உங்க அம்மா உன்னை ஒன்பது மணிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்கல்ல, அதுக்கப்புறம் நடந்தது இது. இப்ப எல்லாரும் தூங்குறாங்க. கெமிஸ்ட்ரி நோட்டு கடைசிப் பக்கத்துல எழுதுறேன். நாளைக்கு உன்கிட்ட குடுப்பேனான்னு தெரியல.

அப்பா ரத்தம் ஏற்பாடு பண்றது உனக்குத் தெரியும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல வேலைன்றதால இரும்புலியூர்ல எங்க தெருவுலயே மொத போன் எங்களுது. அதுல பாதி கால் ரத்தம் கேட்டுதான் வரும். யாரு, எந்த குரூப்பு, எந்த ஆஸ்பத்திரின்னு கேட்டுப்பாரு. அவரே ஆளைக் கூப்பிட்டுச் சொல்லிடுவாரு. கேக்கிறவங்களுக்குக் குடுக்கிறவங்க பேரையோ நம்பரையோ சொல்லவே மாட்டாரு. முன்னாடி ஒரு நோட்டுல எழுதி வெச்சிருந்தாரு. ஒரு புரோக்கர் அதைத் தூக்கிட்டுப் போயி, அதுல இருந்தவங்களை எல்லாம் காசுக்கு வா வான்னு தொல்லை பண்ணிட்டான். அதுக்கப்புறம்தான் யாரோ வேணாம்னு கழிச்ச கம்ப்யூட்டரை வாங்கிட்டு வந்து, சாயங்கால கிளாஸ் போயி 'சி' லாங்குவேஜ் கத்துக்கிட்டு, பேருங்களை புரோகிராமுக்குள்ளயே எழுதினாரு. புதுசா ஒருத்தர் சேர்ந்தா ஒரு வரி சேர்த்து, மறுபடி கம்பைல் பண்ணி ஓடுற ஃபைலா மாத்துவாரு. அவரு எழுதின ஒரிஜினல் ஃப்ளாப்பில இருக்கும், அதைத் தொறந்தா அப்படியே படிக்கலாம். கம்ப்யூட்டர்ல ஓடுற ஃபைல் மட்டும்தான். அதுவும் பாஸ்வேர்டு கேக்கும்.

ஜூலை இருபத்தெட்டு, ஞாயித்துக்கெழமை, உங்க அண்ணன் குடுத்த கேமைக் காப்பி பண்ண ஃப்ளாப்பி இல்லாம அப்பா டப்பாலேர்ந்து ஒண்ணு எடுத்தேன். லேபிள்ல பென்சில் எழுத்து அழிஞ்சிருந்தது. காலின்னு நெனச்சு ஃபார்மட் போட்டு மொத்தத்தையும் அழிச்சேன். கேமை ஏத்தி, மூணாவது ஸ்டேஜ் வரைக்கும் ஆடிட்டு, ஃப்ளாப்பியை உறையில போடும்போதுதான் ஜன்னல் வெளிச்சத்துல சாய்ச்சுப் படிச்சேன். 'ரத்தம். ஒரிஜினல்.'

அப்படியே டப்பால வெச்சிட்டேன் மதி. கேமோட. உன்கிட்ட கேம் கரப்ட் ஆயிடுச்சுன்னு சொன்னது பொய்.

அப்பா ஒண்ணும் கேக்கல. ஆகஸ்டுல டெய்லி சாப்ட்டதும் கம்ப்யூட்டர் முன்னாடி ஒக்காந்து என்னவோ அடிச்சிட்டே இருந்தாரு. நான் அந்தப் பக்கமே போகல. ஃப்ளாப்பியை அவரு இன்னும் பாக்கல, என்னிக்கு பாக்கிறாரோ அன்னிக்கு நான் செத்தேன்னு நெனச்சிட்டு இருந்தேன். கடைசியில செத்தது அவரு.

பத்தரைக்கு அத்தாவுல்லா பாய் ஆட்டோல வந்தாரு. கடப்பேரில லேத் பட்டறை வெச்சிருக்கிறவரு. ஷாமியானாவைப் பாத்ததும் அவருக்கு மொகமே மாறிடுச்சு. அப்பா போனது தெரியாமத்தான் வந்திருக்காரு. உள்ள வந்து அப்பா மொகத்தைப் பாத்தாரு, திரும்பி நடந்தாரு. கையில ஒரு சீட்டு மடிச்சு வெச்சிருந்தாரு. எங்க அம்மா அந்தச் சீட்டைப் பாத்துட்டாங்க. அழுது அழுது கண்ணு வீங்கிக் கெடந்தவங்க, தலையைத் தூக்கினாங்க.

"பாய், என்ன குரூப்பு?"

அவரு அப்படியே நின்னுட்டாரு. "வேணாம்மா. இந்த நேரத்துல போயி... நான் வேற எங்கனா பாத்துக்கறேன்."

"குரூப்பு என்னன்னு கேட்டேன்."

"ஓ நெகட்டிவ். என் மவ மெஹர் பானுக்கு. கொழந்தை பொறந்துடுச்சு, ரத்தம் நிக்க மாட்டேங்குதாம். நர்சிங் ஹோம்ல ஸ்டாக் இல்லன்றாங்கோ. சிட்டிக்குள்ள ஆள் அனுப்பிச்சிக்கீறேன், வர்றதுக்கு ரெண்டு மணி நேரம் ஆவுமாம். டாக்டரு ஒரு மணி நேரந்தான்னு சொல்றாரு."

அம்மா என்னைப் பாத்தாங்க. எங்க வீட்ல பெரிய பிளக்கு ஒண்ணுதான். கம்ப்யூட்டர் ஸ்டெபிலைசர் எப்பவும் அதுலதான் இருக்கும். இன்னிக்கு அதுல ஐஸ் பெட்டி.

"கழட்டு"ன்னாங்க அம்மா.

"செல்வமேரி! உனக்கென்ன பைத்தியமா?" அத்தை எழுந்தே நின்னுட்டாங்க. "என் தம்பி உடம்பு என்னாவறது?"

"பத்து நிமிஷம் பொறுத்துக்குவாரு அண்ணி. இதுக்குன்னா பொறுத்துக்குவாரு."

கழட்டினேன். பாஸ்வேர்டுக்கு அம்மா பேரு போட்டேன், பியூலான்னு என் பேரு போட்டேன், ஏசுன்னு போட்டேன். மூணும் தப்பு. அந்த எடத்துலேர்ந்துதான் உனக்கு இதை எழுத ஆரம்பிச்சேன்.

டப்பாவுல அந்த ஃப்ளாப்பி இருக்கு. எடுத்துப் போட்டா கேம்தான் வரும். நான் மட்டும் அதை அழிக்காம இருந்திருந்தா அதைத் தொறந்து நேரா படிச்சிருக்கலாம். மெஹர் பானு அக்காவுக்கு என்னாவது ஆனா அது நான் பண்ணதுதான். அப்பா பின்னாடியே படுத்துக்கிட்டு இதெல்லாம் பாத்துட்டு இருக்கிற மாதிரியே இருந்துது.

அவசரத்துல புரோகிராம் ஃபைலையே 'டைப்'னு போட்டுத் தொறந்தேன். பண்ணவே கூடாததைப் பண்ணிட்டேன். ஸ்கிரீன் பூரா சிரிக்கிற மூஞ்சி, சீட்டுக்கட்டு ஆட்டீன், கோடு, கொக்கி. நடுநடுவுல கீக், கீக், கீக். சாவு வீடு மதி! பாஸ்டர் கண்ணை மூடி ஜெபம் பண்ணிட்டு இருந்தாரு. அவரு 'ஆண்டவரே'ன்னா அது கீக்குங்குது. ரெண்டு சின்னப் பசங்க சிரிச்சிட்டாங்க. துரை மாமா, அம்மாவோட தம்பி, ஓடி வந்து என் காதுகிட்ட குனிஞ்சாரு.

"பாப்பா, மானத்தை வாங்காத. ஆஃப் பண்ணு அதை."

"மாமா, பேரெல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு."

"உள்ள இருந்தா? நீ என்ன எக்ஸ்ரேவா எடுக்கப் போற?"

அவரு கிண்டலாத்தான் சொன்னாரு. எனக்கு சட்டுனு உங்க அண்ணன் ஞாபகம் வந்துது. கேம்ல மூணு லைஃபை தொண்ணூத்தொன்பது ஆக்கிக் காட்டினாரே, 'டிபக்'ல தொறந்து? அன்னிக்கு நீயும் நானும் பக்கத்துலதான ஒக்காந்திருந்தோம். ஃபைலை வேற பேருல ஒரு காப்பி எடுத்துக்கணும், டிபக்ல தொறக்கணும், 'டி' அடிச்சு என்ட்டர். அதேதான் பண்ணேன். எட்டு வரி வந்துது. இடது பக்கம் பூரா நம்பரும் எழுத்துமா ஜோடி ஜோடியா, வலது பக்கம் அதுக்கான எழுத்து. படிக்க முடியாததுக்கெல்லாம் புள்ளி. மொதல்ல வெறும் புள்ளிதான். டி, என்ட்டர். டி, என்ட்டர். புள்ளி, புள்ளி. பின்னாடி அத்தை அழுகை. எத்தனை தடவை அடிச்சேன்னு தெரியல. விரலு மரத்துப் போச்சு.

அப்புறம் திடீர்னு வார்த்தை வந்துது. 'பாஸ்வேர்டு'ன்னு அவரு கேக்கிற கேள்வி. அதுக்குக் கீழயே, பூட்டாம கொள்ளாம, பதில். 'அவசரம்'. இங்கிலீஷ் எழுத்துல. எங்க யாரு பேரும் இல்ல, வெறும் அவசரம். அதுக்குக் கீழ பேருங்க. வாசல்லதான் பூட்டு மதி, உள்ள எல்லாம் தெறந்து கெடந்துது. பேரு, குரூப்பு, ஏரியா, நம்பர். ஒரு வரிக்கு பதினாறு எழுத்துதான், அதனால எல்லாம் பாதி பாதியா ஒடஞ்சு நிக்குது. 'யக்ஞநாராய' ஒரு வரியில, 'ணன்' அடுத்த வரியில. அவருக்குப் பக்கத்துல ஓ நெகட்டிவ். பெருங்களத்தூர். அரிசிக் கடை பி.பி., அதாவது கடை போன்ல கூப்பிட்டா அவரைக் கூப்பிட்டு விடுவாங்க.

துரை மாமா என் தோள் மேல கைய வெச்சிட்டாரு. "அடிப்பாவி, எடுத்துட்டியே எக்ஸ்ரே"ன்னாரு.

நான் போன்கிட்ட ஓடினேன். அரிசிக் கடைக்காரர் மாடியைப் பாத்து கத்திக் கூப்பிட்டாரு. மூச்சு வாங்கிட்டு ஒருத்தர் வந்தாரு.

"சுந்தர்சிங் வீட்லேர்ந்து பேசுறேன் சார்..."

"சொல்லும்மா, எந்த ஆஸ்பத்திரி?"

நான் சொன்னேன். அப்பா இல்லன்னு சொல்ல வாயைத் தொறக்கிறதுக்குள்ள, "இதோ கெளம்பிட்டேன்னு அப்பாட்ட சொல்லிடு"ன்னு வெச்சிட்டாரு.

பாய் ஓடினாரு. துரை மாமா ஐஸ் பெட்டி வயரைத் திரும்ப மாட்டினாரு. மோட்டார் சத்தம் வந்ததும் அத்தை கண்ணாடி மேல கன்னத்தை வெச்சுக்கிட்டாங்க. "வந்துடுச்சுடா, வந்துடுச்சு"ன்னு அவர்கிட்ட சொன்னாங்க. பக்கத்து வீட்லேர்ந்து காபி வந்தப்போ, மொத டம்ளரை என் கையில குடுத்தாங்க.

ஒண்ணை விட்டுட்டேன். பேருங்களுக்கு மேல ஒரு வரி இருந்துது. 'லிஸ்ட், பதினொண்ணு எட்டு தொண்ணூத்தாறு'ன்னு. எங்க கம்ப்யூட்டர்ல பேட்டரி செத்துப் போச்சு, அதனால எந்த ஃபைலுக்கும் எண்பதாம் வருஷ தேதிதான் காட்டும். அப்பா தேதியைக் கையாலதான் எழுதுவாரு. ஆகஸ்ட் பதினொண்ணு. நான் அழிச்சது ஜூலை இருபத்தெட்டு. போன் பேசிட்டு வந்து அம்மா பக்கத்துல ஒக்காந்தப்புறம்தான் அது எனக்கு உறைச்சுது. அவரு பாத்திருக்காரு. ஃப்ளாப்பியைப் போட்டிருக்காரு, என் கேம் வந்திருக்கு. ஒரிஜினல் இல்லாம புதுப் பேரு சேர்க்க முடியாதுன்னு, புரோகிராமை ஓடவிட்டு, ஒவ்வொரு பேரா ஸ்கிரீனைப் பாத்து பேப்பர்ல எழுதி, எல்லாத்தையும் மறுபடி மொதல்லேர்ந்து அடிச்சிருக்காரு. அந்த ரெண்டு வாரமும் சாப்ட்டுட்டு அதைத்தான் அடிச்சிட்டு இருந்திருக்காரு. நான் அந்தப் பக்கம் போகாத ரெண்டு வாரம்.

அம்மாகிட்ட கேட்டேன், ராத்திரி முழிச்சதாலதான் அப்பாவுக்கு இப்படி ஆச்சான்னு. "ஒரு வருஷமாவே நெஞ்சு வலி இருந்துதுடி, மாத்திரை போட்டுட்டுதான் இருந்தாரு. உனக்கு சொல்ல வேணாம்னுட்டாரு"ன்னாங்க. நான் ஏன் கேட்டேன்னு அம்மா கேக்கல.

நாலு மணிக்குச் சவப்பெட்டியை எடுத்தாங்க. வாசப்படி தாண்டறப்போ எதிர்ல சைக்கிள்ல ஒருத்தர் வந்து எறங்கினாரு. அம்பது வயசிருக்கும், நெத்தியில திருமண். முழங்கை மடிப்புல பஞ்சு வெச்சு பிளாஸ்திரி. பெட்டியைப் பாத்தாரு, எங்களைப் பாத்தாரு.

"சுந்தர்சிங் சார் வீடு..."

துரை மாமா ஆமான்னு தலையாட்டினாரு.

"குடுத்துட்டேன்னு சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். எப்பவும் வந்து சொல்லுவேன். ஒரு காபி போடச் சொல்லுவார்"ன்னாரு. "போன்ல பேசினது யாரு?"

நான் கையைத் தூக்கினேன். அவரு என்னை ஒரு தடவை பாத்தாரு. சைக்கிளை செவுத்துல சாய்ச்சிட்டு எங்ககூடவே கல்லறை வரைக்கும் நடந்தாரு. கை மடக்க முடியல போல. மண்ணை இடது கையாலதான் அள்ளிப் போட்டாரு.

அத்தாவுல்லா பாயும் வந்திருந்தாரு. கேட் ஓரமா நின்னாரு. எல்லாரும் வெளிய வரும்போது அம்மாகிட்ட வந்து, "பொழச்சிக்கிச்சும்மா. கண்ணு முழிச்சி கொழந்தையைக் கேட்டுச்சு"ன்னாரு. அம்மா அவரைப் பாத்துக் கும்பிட்டாங்க. அவரு பதறிப் போயி, "நீங்க எதுக்கும்மா"ன்னாரு. அம்மா கையை எறக்கவே இல்ல. எனக்கும் யாரையாவது கும்பிடணும் போல இருந்துது மதி. யாரைன்னுதான் தெரியல. யக்ஞநாராயணன் சாரையா, அம்மாவையா, அந்தக் கேமைக் குடுத்த உங்க அண்ணனையா.

இப்பதான் கம்ப்யூட்டரை மறுபடி போட்டேன். சத்தம் வராம டிபக்ல தொறந்து, காலைல விட்ட எடத்துலேர்ந்து டி, என்ட்டர். ஒவ்வொரு பேரா வாய்க்குள்ள படிச்சேன். நூத்தி நாப்பத்தி மூணு பேரு. நான் அழிச்ச ஒவ்வொருத்தரும் இருக்காங்க, ஒருத்தர் விடாம. கடைசிப் பேரு முடிஞ்சதும் வெறும் புள்ளி வரும்னு பாத்தேன். இன்னொரு வரி இருந்துது.

'பியூலா. ஓ நெகட்டிவ். வீடு. 18 முடிஞ்சப்புறம். அவளைக் கேட்டுட்டு.'

எனக்கு என் குரூப்பே தெரியாது. ஆகஸ்ட் மொத வாரம் ஜுரம்னு லேப்ல ரத்தம் எடுத்தாங்களே, அப்பதான் கேட்டு வெச்சிருக்கணும். கேமைப் பாத்ததுக்கு அப்புறம். எல்லாத்தையும் மறுபடி அடிச்சிட்டிருந்த அந்த ரெண்டு வாரத்துக்குள்ள. அதை அழிச்சது யாருன்னு நல்லாத் தெரிஞ்சுக்கிட்டே, அவரு நம்பின அந்த நூத்தி நாப்பத்தி மூணு பேருக்குக் கீழ என்னையும் சேர்த்திருக்காரு. தெனம் காலைல என்னைப் பாத்து சிரிச்சிருக்காரு, ஸ்கூலுக்கு டிபன் எடுத்துக்கிட்டியான்னு கேட்டிருக்காரு. இதை மட்டும் கேக்கல.

அந்த வரியை அடிச்சப்போ அப்பாவுக்கு என்மேல கோவம் இருந்துதா மதி?