கூப்பிடாத கடைக்காரி

"செ கொம்பியான்? செ கொம்பியான்?"

ஷிஃப்ட் முழுக்க ஒயர் சொருகிக்கொண்டே முணுமுணுத்ததில் ரெனிட்டாவின் நாக்கு வறண்டுவிட்டது. என்ன விலை என்று பிரெஞ்சில் கேட்க அதுதான் வார்த்தை. ஜூஜுவாடியில் கார்களுக்கு ஒயர் கட்டும் அந்தக் கம்பெனிக்குத் தலைமை ஃபேக்டரி பிரான்சில். அங்கே பயிற்சிக்குப் போய்வருகிறவர் பர்மனென்ட். இடம் ஒன்றே ஒன்று. கடையில் சாமான் வாங்கும் அளவுக்கு பிரெஞ்சு வருமா என்று ஒரு பிரெஞ்சுக்காரி கம்ப்யூட்டரில் பரீட்சை வைப்பாள். ரெனிட்டா தோற்றால் அடுத்தது கூட வேலை பார்க்கும் பூபதி. மார்ச்சோடு இரண்டு பேருக்கும் காண்ட்ராக்ட் முடிகிறது. அப்புறம் கேட்டுக்கு வெளியேதான்.

ஆபீஸ் கதவருகே பூபதி நின்றிருந்தான்.

"அக்கா, பழக்கதோஷத்துல கறிவேப்பில கொசுறு கேட்டுறாதீங்க."

"வாய மூட்றா."

உள்ளே ஹெச்.ஆர். மோகன்குமார் நாற்காலியைக் காட்டினார். "ஒக்காரும்மா. இவங்கதான் கடைக்காரி. நெசமா கடைல எப்படி நடந்துக்குவியோ அப்படியே நடந்துக்கணும். அததான் பாப்பாங்களாம்."

திரையில் நரைத்த முடிக்காரி ஒருத்தி தக்காளிப் படத்தைத் தூக்கிக் காட்டினாள். ரெனிட்டா நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள்.

"போன்ழூர் மதாம். செ கொம்பியான்?"

கிலோ ஐந்து யூரோ என்றாள் கடைக்காரி.

ஐந்நூறு ரூபாய்! பயம்கூட ஒரு நொடி மறந்துபோனது. "ட்ரோ ஷேர்!" என்றாள். ரொம்ப அதிகம். சொன்ன வேகத்தில் முகத்தைச் சுளித்தாள், எழுந்தாள், கதவைப் பார்த்து நடந்தாள்.

ஓசூர் மார்க்கெட்டில் சரசம்மாவிடம் அவள் தக்காளி வாங்குவது அப்படித்தான். விலையைக் கேட்டதும் நடையைக் கட்ட வேண்டும். பக்கத்துக் கடையை எட்டுவதற்குள் முதுகுக்குப் பின்னால் குரல் வந்துவிடும்: "ஏம்மா, இங்க வா, என்னதான் குடுப்ப?" அந்தக் குரல் வராமல் போனதே இல்லை.

கதவுக்கு முன்னால் நின்றாள். குரல் வரவில்லை.

ஏசி மட்டும் உறுமியது. மோகன்குமார் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் ரெனிட்டாவுக்கு உறைத்தது. அந்த ஊர்க் கடைக்காரி கூப்பிட மாட்டாள். போனவள் போனவள்தான்.

தானாகத் திரும்புகிறவள் சொன்ன விலையைக் கொடுத்தாக வேண்டும். அது மார்க்கெட்டில் மானக்கேடு. கதவுக்கு அந்தப் பக்கம் பூபதியின் செருப்புச் சத்தம் கேட்டது. மானமாவது மண்ணாவது. திரும்பிவந்து உட்கார்ந்தாள். திரையில் பிரெஞ்சுக்காரி கண்ணாடியைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"மதாம்! மதாம்!" குரல் கீச்சிட்டது. "அன் கிலோ, சில் வூ ப்ளே." ஒரு கிலோ கொடுங்கள்.

பிரெஞ்சுக்காரி கண்ணாடியை மறுபடி மாட்டினாள். அசையாமல் பார்த்தாள். ஒரு யூரோகூடக் குறைக்கவில்லை. பிறகு கேட்டாள்: "எ அவெக் ஸா?"

வேற என்ன போடட்டும்? தராசுத் தட்டைத் தூக்கிக்கொண்டே சரசம்மா கேட்கிற அதே கேள்வி. ரெனிட்டாவுக்கு மூச்சு வந்தது. வெங்காய விலையைக் கேட்டாள், முட்டை விலையைக் கேட்டாள், சொன்னதற்கெல்லாம் தலையாட்டினாள். நாற்காலியின் கையை மட்டும் கடைசிவரை விடவில்லை.

திரை அணைந்ததும் மோகன்குமார் போனில் வந்த செய்தியைப் படித்தார். "செலக்ட் ஆயிட்ட. நடுவுல எங்கம்மா போன?"

"கூப்புடுவாங்கன்னு பாத்தேன் சார்."

வெளியே பூபதி சட்டையை இழுத்துவிட்டு நிமிர்ந்தான். "என்னக்கா, தக்காளி என்ன வெல?"

"அஞ்சு யூரோடா. கொறைக்க மாட்டேங்கறா."

சிரித்தான். அடுத்து தன்னைக் கூப்பிடுவார்கள் என்று கதவையே பார்த்துக்கொண்டு நின்றான். உள்ளே மோகன்குமார் விளக்கை அணைக்கும் சத்தம் கேட்டது. ரெனிட்டா தொண்டையைச் செருமினாள். அவனுக்கு இனி பரீட்சை இல்லை என்று சொல்ல வாயெடுத்தவள், அவனோடு சேர்ந்து கதவையே பார்த்து நின்றாள்.