ஆகட்டும் என்றவர்கள்

நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதிக்கொள்கிறேன். வரிசை மாறினால் என் தப்பு எங்கே ஆரம்பித்தது என்று எனக்கே தெரியாமல் போய்விடும்.

பகலில் மலையாள எல்லையோரம், கோவிந்தாபுரத்தில் பால் சங்கத்தில் வேலை. வருகிற பாலில் மாதிரி எடுத்து, கொழுப்பும் தண்ணீரும் பார்த்துச் சொல்வேன். சாயங்காலம் ஐந்தரைக்குக் கொல்லங்கோட்டில் கணினி வகுப்பு. நாங்கள் பதினோரு பேர். சொல்லிக்கொடுப்பவர் மிக்கேல்ராஜ் சார். இடுக்கிப் பக்கம் கம்பம்மெட்டுக்காரர், ஏலக்காய்க் கடை வைத்திருந்த குடும்பம். போன மாதம் அவர் எங்களுக்கு ஒரு வேலை பிடித்துக்கொண்டு வந்தார்.

'அக்கம்பக்கம்' என்று ஒரு ஆப் இருக்கிறது. எங்கள் பக்கத்திலும் இடுக்கியிலும் எல்லோர் போனிலும் இருக்கும். படம் போடுவது, வீடியோ போடுவது, பழைய வண்டி விற்பது எல்லாம் அதில்தான். அதை நடத்துகிறவர்கள் ஒரு மாற்றம் கொண்டுவரப் போகிறார்களாம். அதற்கு முன்னால் பயனர்களிடம் கருத்துக் கேட்க வேண்டுமாம். கம்ப்யூட்டரே எல்லோருக்கும் போன் போட்டு, பதிவு செய்த கேள்வியைச் சொல்லும். மக்கள் பதில் சொல்வார்கள். அந்தப் பதிலை நாங்கள் கேட்டு 'ஆம்', 'இல்லை', 'தெளிவில்லை' என்று குறிக்க வேண்டும்.

"டவுன்காரப் பிள்ளைக குரல் வேண்டாம்னுட்டாங்க. ஊர்க்காரக் குரலா இருக்கணுமாம். ஜீவிதா, நீ பேசு" என்றார் சார்.

நான் பேசினேன். நாலு தடவை எடுத்து ஐந்தாவதை வைத்துக்கொண்டார்.

"வணக்கமுங்க. அக்கம்பக்கத்துல இருந்து பேசறோமுங்க. இனிமேலு உங்க பேருக்குக் கீழ நீங்க இருக்கற ஊருப் பேரும் எல்லாத்துக்கும் தெரியற மாதிரி வெக்கலாம்னு இருக்கறோமுங்க. உங்க அபிப்பிராயம் என்னங்க?"

பிறகு சார் ஒரு தாளைக் கொடுத்தார். எந்தச் சொல்லுக்கு என்ன குறி என்று அவரே தயார் செய்தது. 'ஆம்' என்பதற்குக் கீழே ஆமா, சரி, ஓகே, பண்ணுங்க, ஆகட்டும். 'இல்லை' என்பதற்குக் கீழே வேண்டாம், முடியாது, எதுக்கு.

"உங்க பக்கத்துப் பேச்சு எனக்கு அவ்வளவா ஓடாதும்மா. சரியா இருக்கான்னு நீ பாத்துச் சொல்லிரு."

'ஆகட்டும்' என்ற இடத்தில் நின்றேன். எங்கள் அப்பாவிடம் தோப்பை விலைக்குக் கேட்டுத் தரகர் பொங்கியண்ணன் வருவார். அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு "ஆகட்டுங்க" என்பார். பொங்கியண்ணன் காப்பியைக் குடித்துவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார். அந்தத் தோப்பு கிடைக்காது என்று அவருக்குத் தெரியும். வீடு தேடி வந்தவர் முகத்துக்கு நேராக வேண்டாம் என்று சொல்ல எங்கள் ஆட்களுக்கு வாய் வராது. ஆனால் அதே அப்பா, சித்தி வீட்டு விசேஷத்துக்கு வரச் சொன்னபோதும் "ஆகட்டும்" என்றார், போகவும் செய்தார். அப்படியென்றால் இரண்டும்தானே? சார் படித்தவர். நான் எதையாவது சொல்லி எல்லோரும் சிரித்தால்?

"சரியா இருக்குதுங்க சார்" என்றேன்.

இதுதான் ஆரம்பம்.

இப்போது பிரியாக்காவைப் பற்றி எழுத வேண்டும். செல்வப்பிரியா என் பெரியப்பா மகள். இரண்டு வருடங்களுக்கு முன்னால், மூணாறு எஸ்டேட்டில் டிரைவராக இருந்த வேல்முருகனோடு போய்விட்டாள். அவர் வீட்டார் வேறு ஆட்கள், வேறு சாதி. பெரியப்பா அந்த வாரமே படுத்தவர், மூன்று மாதத்தில் போய்விட்டார். காரியம் முடிந்த அன்று அக்காவின் அண்ணன் பூபதிராஜா பந்தலில் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "ரெண்டு பேரையும் பாக்காம நான் ஓயமாட்டன்." யாரும் என்ன செய்யப்போகிறாய் என்று கேட்கவில்லை. எல்லோருக்கும் புரிந்தது.

ஆறு மாதம் முன்பு பூபதியண்ணன் பால் சங்கத்துக்கு வந்து தன் போனை என் முன்னால் நீட்டினார். அக்கம்பக்கத்தில் 'வாணி ஆரி ஒர்க்' என்று ஒரு பக்கம். ஜாக்கெட்டில் ஜரிகைப் பூ தைக்கிற வீடியோ. முகம் தெரியாது, கை மட்டும். வலது சுண்டுவிரல் உள்பக்கமாக வளைந்திருந்தது. சின்ன வயதில் எங்கள் வீட்டுக் கதவிடுக்கில் மாட்டிய, பிரியாக்காவின் விரல்.

"ஏனம்மிணி, நீதான் கம்ப்யூட்டரு படிக்கற. இது எந்த ஊருன்னு கண்டுபுடிக்க முடியுமா?"

"அது முடியாதுங்கண்ணா. அவிங்களாச் சொன்னாத்தான் உண்டு."

"சொல்லாமயா போயிருவா" என்று சொல்லி, அந்த வீடியோவை அங்கேயே நின்று இரண்டாவது தடவையும் பார்த்தார். அன்றிலிருந்து தினமும் பார்க்கிறார். பேக்கரியில் உட்கார்ந்து, டீ ஆறும்வரை பார்த்துக்கொண்டிருப்பார்.

இதெல்லாம் தெரிந்தும் அந்தக் கேள்வியை என் வாயால் பேசினேன். பேசும்போது அக்காவின் நினைவு வரவில்லை. உச்சரிப்புச் சரியாக இருக்கிறதா என்பதில்தான் மனது இருந்தது.

பதில்கள் வர ஆரம்பித்தன. ஒரு நாளைக்கு நாற்பது கேட்பேன். மறையூர், மூணாறு பக்கத்து ஆட்கள் பட்டென்று சொன்னார்கள். "எதுக்கு? அதெல்லாம் வேணாம்" என்றார் ஒருவர். "ஏன், எங்க வீட்டுக்கு விருந்துக்கு வரப் போறீகளா?" என்றாள் ஒரு அம்மா. எங்கள் பக்கத்து ஆட்கள் அப்படி இல்லை. "ஆகட்டுங்க." "ஆகட்டு அம்மிணி, சாப்டியா?" "ஆகட்டுங்க கண்ணு, மாட்டுக்குத் தண்ணி காட்டணும்." பதிவு செய்த குரல் என்று பாதிப் பேருக்குத் தெரியவில்லை. நம் ஊர்ப் பெண் ஒன்று கேட்கிறது, எப்படி முகத்திலடித்த மாதிரி வேண்டாம் என்பது என்று நினைத்திருக்கிறார்கள். ஊர்க் குரல் வேண்டுமென்று ஆப்காரர்கள் ஏன் கேட்டார்கள் என்பது மூன்றாவது நாள்தான் எனக்கு உறைத்தது. எல்லாவற்றுக்கும் 'ஆம்' போட்டேன். தாளில் அப்படித்தான் இருந்தது.

வியாழக்கிழமை இருபத்தாறாவது பதிவு. பயனர் பெயர் 'வாணி ஆரி ஒர்க்'. எண்ணில் கடைசி இரண்டு இலக்கம் மட்டும் தெரிந்தது. என் கேள்வி முடிந்ததும் கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம். பிறகு:

"ஜீவி? ஜீவியா பேசறது? ஐயோ சாமி… எப்புடிடீ என்ற நம்பரு கெடச்சுது? ஆகட்டும் ஜீவி, ஆகட்டும். அழுவாச்சி வருது. ஊட்டுல எல்லாரும்… ஜீவி?"

அதோடு பதிவு நின்றுவிட்டது. இருபது நொடிதான் கொடுத்திருந்தார்கள்.

நான் 'தெளிவில்லை' என்று குறித்தேன். மறுநாள் பார்த்தபோது அது 'ஆம்' ஆகியிருந்தது. மேலே சரிபார்க்கிறவர்கள் யாரோ மாற்றியிருந்தார்கள். பக்கத்தில் காரணம்: ஆகட்டும், இரண்டு முறை.

சனிக்கிழமை எல்லோர் போனிலும் அறிவிப்பு வந்தது. 'உங்களைக் கேட்காமல் நாங்கள் எதையும் மாற்றுவதில்லை. உங்களில் நூற்றுக்கு எண்பத்திரண்டு பேர் ஆகட்டும் என்றீர்கள். திங்கள் முதல் உங்கள் ஊரும் உங்கள் பெயரோடு. விரும்பாதவர்கள் அமைப்புகளில் மாற்றிக்கொள்ளலாம்.' எந்த அமைப்பு, எத்தனையாவது பக்கம் என்று அதில் இல்லை. நான் தேடிக் கண்டுபிடிக்கப் பதினைந்து நிமிடம் ஆனது.

அக்காவுக்கு ஆப்பிலேயே தனியாக எழுதினேன். அவள் பார்க்கவில்லை. தெரியாதவர்கள் எழுதுவதெல்லாம் வேறு பெட்டிக்குப் போகுமாம். வீடியோவுக்குக் கீழே எழுதினால் உடனே பார்ப்பாள். ஆனால் அதைப் பூபதியண்ணனும் பார்ப்பார்.

ஞாயிற்றுக்கிழமை அவரே வீட்டுக்கு வந்தார். சிரித்த முகமாக இருந்தார். இரண்டு வருடத்தில் நான் அப்படிப் பார்த்ததில்லை.

"அம்மிணி, உன்ற குரலக் கேட்டனாக்கும். 'வணக்கமுங்க'ன்னு என்னமாப் பேசற! நான் ஆகட்டும் கீகட்டும்னெல்லாம் சொல்லுல. 'வெய்யுங்க, மொதல்ல வெய்யுங்க'ன்னு சொன்னேன்."

அம்மா காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

"நம்மளயும் ஒரு வார்த்த கேட்டுத்தான செய்யறானுங்க, சித்தி. மொறையானவனுங்க" என்றார் அண்ணன். காப்பியை ஒரே மடக்கில் குடித்தார்.

திங்கள் காலை பால் சங்கத்தில் போனைத் திறந்தேன். 'வாணி ஆரி ஒர்க்'. அதன் கீழே சாம்பல் நிறத்தில், சின்ன எழுத்தில்: மறையூர்.

அன்று சாயங்காலம் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தாளைப் பார்த்துச் சரி என்று சொன்னது நான்தான் என்பதையும் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார்.

"என்னம்மா சொல்ற? ஆகட்டும்னா ஆகட்டும்தான? எங்க ஊர்ல ஒருத்தன் ஆகட்டும்னுட்டு மாறுனான்னா மண்டைய ஒடைச்சிருவாய்ங்க."

"எங்க ஊர்ல வேண்டாம்னு சொல்றதே அப்படித்தானுங்க சார்."

சிரிப்பு நின்றது. தாளை எடுத்து மேலிருந்து கீழே விரலை வைத்துப் பார்த்தார். எண்பத்திரண்டில் எத்தனை ஆகட்டும் இருக்கும் என்று என்னைக் கேட்டார். பாதிக்கு மேல் என்றேன்.

"போலீசுக்குப் போலாமாங்க?"

"என்னன்னு சொல்லுவ? ஒரு ஆப்ல ஊர்ப் பேர் வந்துருச்சுன்னா? உங்க அண்ணன் இன்னும் ஒண்ணும் பண்ணலையே."

அவர் வேறு வழி சொன்னார். தெளிவில்லாத பதிவுகளுக்குக் கம்ப்யூட்டர் மறுபடியும் போன் போடும். அக்காவின் பதிவை மட்டும் மறு அழைப்பில் போட்டு, கேள்விக்குப் பதிலாக வேறு பேச்சை வைக்கலாம். அது மறுநாள்தான் போகும், எந்த நேரத்தில் என்பது எங்கள் கையில் இல்லை. நான்தான் பேசினேன். ஒரே தடவைதான் எடுத்தோம்.

"பிரியாக்கா, ஜீவிதான். இது பதிவு பண்ணுனது, நீ பேசுனாக் கேக்காது. அக்கம்பக்கத்துல உன்ற ஊருப் பேரு தெரியுது. பூபதியண்ணன் பாத்துட்டாரு. மாமாவக் கூட்டீட்டு இன்னைக்கே வேற பக்கம் போயிரு."

அன்றே மறையூர் பஸ்ஸில் ஏறியிருக்கலாம். உடுமலைப்பேட்டை போய் மாறினால் நாலு மணி நேரம். போகவில்லை. போன் போகும், அக்கா கேட்பாள், நான் அங்கே போனால் அண்ணனுக்குத்தான் சந்தேகம் வரும் என்று காரணங்களை ஒன்றன்பின் ஒன்றாக எழுதி வைத்துக்கொண்டேன். அந்தப் பக்கம் இந்த நோட்டில்தான் இருக்கிறது. எல்லாக் காரணமும் நியாயமாகவே தெரிகிறது.

இன்று செவ்வாய். காலையில் பூபதியண்ணனின் அம்மா, முத்தாத்தாள் பெரியம்மா சங்கத்துக்குப் பால் கொண்டுவந்தார்.

"வழக்கமா அண்ணன்தான கொண்டாருவாரு பெரிம்மா?"

"அவன் காரெடுத்துட்டுப் போயிட்டான் சாமி. மறையூர்ல நல்ல வெல்லம் கெடைக்குதாமா. அவன் கூட்டாளிக செங்கோட்டையனும் நஞ்சப்பனும் கூடப் போயிருக்கறாங்க."

வெல்லம் வாங்க மூன்று பேரா என்று நான் கேட்கவில்லை. பெரியம்மாவும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பால் அளந்து முடிந்த பிறகும் காலிக் கேனைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "வெல்லந்தான்னு சொன்னான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வகுப்புக்கு ஐந்து மணிக்கே வந்துவிட்டேன். மறு அழைப்பின் பதில் வந்திருந்தது. நேரம் நாலு நாற்பத்திரண்டு. சாரும் பக்கத்தில் வந்து நின்றார். என் பேச்சு முழுதும் ஓடி முடிந்தது. காரின் கதவு சாத்துகிற சத்தம். பிறகு பூபதியண்ணனின் குரல், நிதானமாக:

"ஜீவியா? உனக்கு இத்தன வேல தெரியுமா? போனு என்ற கையில இருக்குது அம்மிணி. உன்ற அக்கா வண்டியில ஏறீட்டா."

பின்னால் ஒரு பெண் குரல், தூரத்தில்: "அவர விட்டுருங்ணா, அவர விட்டுருங்ணா." பன்னிரண்டு நொடியில் முடிந்தது.

சார் மறையூர் போலீஸ் ஸ்டேஷன் நம்பரைத் தேடி எடுத்து, போனை என் கையில் கொடுத்தார். "நீ சொன்னாத்தான் கேஸ் நிக்கும். சொந்தக்காரி நீதான்."

நாலு நாற்பத்திரண்டு. இப்போது ஐந்து ஏழு. மறையூரிலிருந்து எங்கள் பக்கம் திரும்புகிற வழியில் சின்னார் செக்போஸ்ட் வரை காடு, வளைவுகள். அவர்கள் உடனே கிளம்பியிருந்தாலும் செக்போஸ்ட்டைத் தாண்டியிருக்க மாட்டார்கள். ஒருவேளை தாண்டியிருக்கலாம். எனக்குத் தெரியவில்லை.

போனை எடுத்தவர் மலையாளத்தில் பேசினார். கார் நம்பர், நிறம், உள்ளே யார் யார் எல்லாவற்றையும் சொன்னேன். எழுதிக்கொண்டார். வேறொருவரிடம் சின்னாருக்கு வயர்லெஸ் போடச் சொன்னது கேட்டது. பிறகு என்னிடம் திரும்பி, "பராதி ஆருடெ பேரிலா? பேரு? ஸ்தலம்?" என்றார்.

புகார் யார் பெயரில், எந்த ஊர் என்று கேட்கிறார். சொன்னால் நாளைக்கு எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அப்பாவுக்கு, பெரியம்மாவுக்கு, பூபதியண்ணனுக்கு. சார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜீவிதா. தனபால் மகள். கோவிந்தாபுரம், பால் சங்கத்துக்கு எதிர் வீடு" என்றேன்.

அவர் திருப்பிக் கேட்டார். திருப்பிச் சொன்னேன்.

மணி ஆறு இருபது. மற்றவர்கள் எல்லோரையும் சார் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மறையூரிலிருந்து இன்னும் போன் வரவில்லை. அப்பா மூன்று தடவை கூப்பிட்டுவிட்டார். அவருக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. நாலாவது தடவை இப்போது அடிக்கிறது. எடுக்கப் போகிறேன்.