நேசம்மாள் வீட்டுப் புறவாசலில் பாரிஸ்

குளச்சல் மீன்காரி நேசம்மாளின் புறவாசல் கதவைத் திறந்தால், போன தவக்காலத்திலிருந்து பாரிஸ் நகரம் தெரிகிறது. படியிறங்கினால் பழைய தென்னைமூடும் கோழிக்கூடும்தான். குரல் மட்டும் அந்தப் பக்கம் போகும். முதலில் தெரிந்தது எண்ணூறு வருஷத்துக்கு முந்திய தெரு: சேறு, பன்றிகள், பாதி கட்டிய மாதா கோயில். கதவு மூடியிருக்கும் நேரத்தில் வாரத்துக்கு ஐம்பது வருஷம் ஓடியது. ஊரே வந்து எட்டிப்பார்த்தது, பிறகு அவரவர் சோலியைப் பார்க்கப் போனது. நேசம்மாளால் அப்படிப் போகமுடியவில்லை. அவள் மகன் பெனின் துபாயிலிருந்து விசா இல்லாமல் அந்த நகரத்துக்குப் போய், சைக்கிளில் வீடுவீடாகச் சாப்பாடு கொண்டுகொடுத்துப் பிழைத்தவன். நாலு வருஷமாகப் போன் இல்லை. இருக்கிறானா இல்லையா என்றே தெரியாது. அவன் காலம் வரட்டும் என்று காத்திருந்தாள்.

பொறுமை என்றால் அப்படியொரு பொறுமை. கொள்ளைநோயில் பிணவண்டிகள் போயின, தலைமுடிக்குப் பொடி பூசிய சீமான்கள் போனார்கள். ஒருநாள் மழையில் அந்த ஊர் மீன்காரிகள் ஈட்டியும் கத்தியுமாக ராஜாவைத் தேடிக் கிளம்பினார்கள். "எதுக்குட்டி இந்தக் கூப்பாடு?" என்று இவள் கேட்க, ஒருத்தி திரும்பி வெறும் ரொட்டிக்கூடையைக் கவிழ்த்துக் காட்டினாள். "அப்போ போங்கட்டி, சும்மா விட்டுராதிய!" என்று அனுப்பிவைத்தாள். பிறகு தலைகள் விழுந்தன, காஸ் விளக்கு வந்தது, சந்துகளை இடித்து அகலச் சாலை போட்டார்கள், ஜெர்மன் பட்டாளம் நடந்துபோனது.

பெனினின் வருஷம் வந்ததும் நகரம் நம்மூர்க் கடிகாரத்தின் வேகத்துக்கு இறங்கியது. ஒரு ஜூலைக் காலையில் முதுகில் சாப்பாட்டுப் பெட்டியோடு சைக்கிளை உருட்டிக்கொண்டு அவன் போனான். பெற்றவளுக்கு முதுகு போதாதா? எலும்பாய்ப் போயிருந்தான் பாவிப்பயல். கூப்பிட வாயெடுத்தாள். ஆனால் தொழிலுக்குப் போகிறவனைப் பின்னாலிருந்து கூப்பிடுவது கடப்புறத்தில் ஆகாது. அவன் அப்பனை அவள் மறந்துவைத்த வெற்றிலைப் பொதிக்காக ஒருமுறை அப்படிக் கூப்பிட்டிருக்கிறாள். கட்டுமரம் மட்டும் கரைக்கு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் முனை திரும்பினான், லாரி இடித்தது. ஒரு நொடி நின்று திரும்பிப் பார்த்திருந்தால் லாரி கடந்துபோயிருக்கும்.

பெயர் கேட்க ஆளில்லாமல் வெள்ளை வண்டி அவன் உடலைக் கொண்டுபோனது. "நான் கூப்பிடல்லியே பூங்கனி, கூப்பிடாம விட்டுட்டேனே" என்று பக்கத்துவீட்டுக்காரியின் மடியில் மூன்று நாள் கிடந்தாள். நாற்பத்தொன்றாம் நாள் பூசை இங்கே நடந்தது.

நகரம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. சந்தைக்குப் போகுமுன் நேசம்மாள் கதவைத் திறந்து, முதுகு காட்டிப் போகிற எல்லாரையும் கூப்பிடுகிறாள்: "மக்கா, ஒரு நிமிசம் நின்னுட்டுப் போ." அவர்களும் நின்று, திரும்பிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அந்தத் தெருக்காரர்களுக்கு இது பழகிவிட்டது.