முத்தலிப் மேஸ்திரியின் மேற்கு

1

இந்தக் கதை என் சிரிப்பிலிருந்து பிறந்தது. அதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சிதம்பரத்தில் ஒரு பள்ளிவாசலில் லுஹர் என்னும் நண்பகல் தொழுகைக்குப் போயிருந்தேன். சுவர்கள் நேராக நின்றன. தொழுகை வரிசைக்காகத் தரையில் போட்டிருந்த கோடுகள் மட்டும் சுவருக்குக் கோணலாக ஓடின. போட்டவருக்குக் கண் சரியில்லை போலிருக்கிறது என்று மனதுக்குள் சிரித்தேன். தொழுது முடித்ததும் பக்கத்திலிருந்தவர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "கோடு சரிங்க. சுவருதான் தப்பு."

அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு மூன்று மாதமாக எழுதுகிறேன். இதெல்லாம் நடந்ததா என்று கேட்காதீர்கள். மேஸ்திரியும் அவர் மச்சானும் அவர்களுடைய தெருவும் என் கற்பனை. சூரியன் மட்டும் என் கற்பனையல்ல.

2

முதல் தொடக்கம்: "1965ஆம் வருஷம், கடலூர் முதுநகரில் கடல் கொந்தளித்துக்கொண்டிருந்த ஒரு மாலையில், அப்துல் முத்தலிப்..."

[வேண்டாம். ஏப்ரல் மாதத்தில் கடல் சும்மாதான் கிடக்கும்.]

இரண்டாவது: "அறிவு என்பது ஓர் ஒளி. அந்த ஒளியானது..."

[பேனாவை மூடிவிட்டு டீ குடிக்கப் போனேன்.]

மூன்றாவது, சாதாரணமானது: அப்துல் முத்தலிப்புக்கு வயது அறுபத்தொன்று. கொத்து மேஸ்திரி. கடலூர் முதுநகரில் தன் தெருப் பள்ளிவாசலை முப்பது வருஷத்துக்கு முன் கட்டியவர் அவர்தான். மக்காவை நோக்கிய திசையான கிப்லா எது என்று அன்று யாரும் யாரையும் கேட்கவில்லை. கடற்கரை ஊரில் அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கடலுக்கு முதுகைக் காட்டி நின்றால் மேற்கு, மேற்கே மக்கா. அவர் நூல் பிடித்தார், சுவர் எழும்பியது. முத்தலிப் நூல் பிடித்தால் இம்மி பிசகாது என்று ஊரில் பேர். அவரிடம் இருந்ததெல்லாம் அந்தப் பேர்தான்.

இப்போது இடம் போதவில்லை. பழைய கட்டடத்தை ஒட்டிப் புதுக்கூடம் வரப்போகிறது. 1965 மே இருபத்தெட்டு, வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகைக்குப் பிறகு கல் வைக்கிறார்கள். நூல் பிடிக்க வேண்டியவரும் அவரே.

3

ஏப்ரலில் அவருக்கு அண்ணாமலை நகரில் பூச்சு வேலை. கல்லூரி விடுமுறை. ஆசிரியர் குடியிருப்பில் ராமாமிர்தம்* என்ற கணக்கு விரிவுரையாளரின் வீடு. மேசைமேல் ஒரு பூகோள உருண்டை இருந்தது.

"இதுல கடலூர் எது சார்?"

ராமாமிர்தம் தொட்டுக் காட்டினார்.

"மக்கா?"

அதையும் காட்டினார்.

முத்தலிப் மடியிலிருந்த நூலை எடுத்தார். ஒரு முனையைக் கடலூரில் அழுத்திக்கொண்டு மறு முனையை மக்கா வரை விறைப்பாக இழுத்துப் பிடித்தார். நூல் நேர்மேற்கே போகவில்லை. கடலூரை விட்டுக் கிளம்பும்போதே வடக்கே ஒதுங்கியது. எடுத்துவிட்டு மறுபடி பிடித்தார். மறுபடியும் அப்படியே.

"உருண்டை பழுதா சார்?"

"உருண்டையும் சரி, நூலும் சரி பாய்."

"அப்ப எது தப்பு?"

ராமாமிர்தம் அவர் முகத்தைப் பார்த்தார். சுண்ணாம்புக் கையோடு நின்றவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க, காபி சாப்டுட்டுப் பேசுவோம்" என்றார்.

(* முந்தின பிரதியில் இவரைக் கர்வக்காரராக எழுதியிருந்தேன். கேள்வி கேட்டவருக்கு நாற்காலி போட்ட பிறகு அந்தக் கர்வம் பொருந்தவில்லை. எடுத்துவிட்டேன்.)

பூச்சு வேலை முடிந்த பிறகும் முத்தலிப் வியாழக்கிழமைதோறும் ரயிலேறிச் சிதம்பரம் போனார். கோணம் அளக்கக் கற்றுக்கொண்டார், தன் சுவர் எவ்வளவு கோணல் என்று தெரிந்துகொண்டார். ஒரு நாற்பது பக்க நோட்டும் ஜாமிட்ரி பாக்ஸும் வீட்டுக்கு வந்தன. அவர் மனைவி ரசியா பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தாள்.

"பரீட்சை எப்பங்க?"

"வர்ற வெள்ளிக்கிழமை."

"தேறிடுவீங்களா?"

"தேறுனா பேரு போயிடும் ரசியா."

அதற்குமேல் அவள் கேலி செய்யவில்லை.

4

ராமாமிர்தம் கணக்குப் போட்டுச் சொன்னது இதுதான். மே இருபத்தெட்டாம் தேதி, நம் கடிகாரத்தில் இரண்டு மணி நாற்பத்தெட்டு நிமிஷத்துக்கு, சூரியன் மக்காவுக்கு நேர் உச்சியில் நிற்கும். அந்த நேரத்தில் நூலில் ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால் அந்த நூலின் நிழல் மக்காவுக்கு நேர் எதிர்ப்பக்கம் விழும். நிழலின் நுனியிலிருந்து நூலைப் பார்த்து நின்றால் அதுதான் கிப்லா.

"என் கணக்க நம்ப வேணாம் பாய். நிழலப் பாருங்க."

5

முத்தவல்லி முஹம்மது யூசுப்தான் பள்ளிவாசலின் நிர்வாகி, ரசியாவின் அண்ணன். இவர்தான் கதையின் கெட்டவர் என்று சந்தேகப்பட்டேன். முதலில் கத்துகிறவராக எழுதினேன். ("வெளியே போ! இனி நீ இந்த..." அந்த வாக்கியம் அங்கேயே கிடக்கட்டும்.) கெட்டவர் ஒருவர் கிடைத்தால் எழுதுகிறவனுக்கு வேலை சுலபம். ஆனால் அவர் தரப்பில் உட்கார்ந்து பார்த்தபோது, சுவர் கோணல் என்று முத்தலிப் சொன்னதும் அவர் பேசிய பேச்சு வேறு மாதிரி வந்தது.

"பழைய சுவரோட ஒட்டி நூலப் போடு மச்சான். யாரு கேக்கப்போறா?"

"நான் கேப்பேன்."

"நீ கேட்டுக்க. ஊரு கேட்டா? முப்பது வருஷமாத் தப்பான பக்கம் நிக்க வச்சிட்டாருன்னு டீக்கடைக்கு டீக்கடை பேசுவானுங்க. அது கெடக்கட்டும். எங்க அத்தா, ஒன் மாமனாரு, அந்தச் சுவரப் பாத்துத் தொழுதே மவுத்தாயி மண்ணுக்குப் போனாரு. அவுரு தொழுகை என்னாவும்?"

இங்கே ஒரு வாரம் எழுத்து நின்றது. பதில் எனக்குத் தெரியவில்லை. மார்க்கம் படித்த ஓர் ஆலிமைத் தேடிப்போய்க் கேட்டேன். வயது ஐம்பதைத் தாண்டியும் இதைக் கேட்காமல் இருந்திருக்கிறேன். அவர் விளக்கியதை மேஸ்திரியின் பேச்சில் எழுதுகிறேன்:

"தெரிஞ்ச மட்டும் தேடித்தான நின்னோம் மச்சான். அத அல்லா ஏத்துக்குவான். மாமா தொழுகைக்கு ஒண்ணும் ஆவாது. ஆனா இப்பத் தெரிஞ்சிருச்சே. அறிவக் கொடு, அறிவக் கொடுன்னு தெனம் கையேந்துறோம். கொடுத்தா வாங்கிக்க மாட்டேன்னா எப்பிடி?"

யூசுப் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். பிறகு மெல்லச் சொன்னார்: "ஒன் பேரு போயிடுமே மச்சான்."

இந்த வரிக்குப் பிறகு அவரைக் கெட்டவராக எழுத எனக்குக் கை வரவில்லை.

6

வெள்ளிக்கிழமை. கத்திரி வெயில். ஜும்மா முடிந்து, தொழ வந்த ஜமாஅத்தார் வீட்டுக்குப் போகாமல் நின்றார்கள். மூன்று மூங்கிலை முக்காலியாகக் கட்டி முத்தலிப் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டிருந்தார். ரேடியோ நேரத்துக்குத் திருப்பிய கைக்கடிகாரத்தோடு ராமாமிர்தம் வாசலுக்கு வெளியே தயங்கி நின்றார். யூசுப் போய், "வெயில்ல ஏன் சார் நிக்கிறீங்க, உள்ள வாங்க" என்று கையைப் பிடித்து அழைத்து வந்தார்.

இரண்டு நாற்பத்தாறு. இன்னும் இரண்டு நிமிஷம் காத்திருந்தால் நிழலே சொல்லிவிடும். முத்தலிப் வாய் திறக்க வேண்டியதில்லை. அவர் காத்திருக்கவில்லை.

"முப்பது வருஷத்துக்கு முன்னாடி இந்தச் சுவருக்கு நூல் பிடிச்சவன் நான். தப்பாப் பிடிச்சிட்டேன். புதுக்கூடத்துக்கு வேற கோடு போடணும். மன்னிச்சிக்குங்க."

இதன்பிறகு எல்லோரும் அவரைக் கட்டித் தழுவியதாக ஒரு முடிவு எழுதினேன். [என் ஆசை.] பின்வரிசையில் யாரோ சிரித்ததாக இன்னொன்று. [என் பயம். நானும் சிரித்தவன்தானே.] சரியான நேரத்தில் மேகம் வந்து மறைத்ததாக

[இல்லை. இது தப்பித்தல்.]

நிழல் எங்கே விழுந்தது என்று நான் எழுத வேண்டியதில்லை. எந்த வருஷமானாலும் சரி, அந்தத் தேதியில் அந்த நேரத்துக்கு ஒரு நூலில் கல்லைக் கட்டி வெயிலில் தொங்கவிடுங்கள். நான் எழுதியதால் நம்பாதீர்கள்.

எனக்குத் தெரியாதது வேறு: அவருக்கு ஊர் என்ன பதில் சொன்னது என்பது. முத்தலிப் சொல்லிவிட்டு நிற்கிறார். உள்ளங்கை வியர்வையை வேட்டியில் துடைத்துக்கொள்கிறார். ஜமாஅத்தில் ஒருவரும் இன்னும் பேசவில்லை. அவர்களுக்கு முன்னால், மேஸ்திரிக்கு மிக அருகில், நீங்கள் நிற்கிறீர்கள்.

அவர் நிமிர்ந்து உங்களைத்தான் பார்க்கிறார்.